வேலிக்கு அந்தப் பக்கம் கேட்ட கதீஷ்

ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒரு மாலை, பின்கட்டில் கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நியூ ஜெர்சியில் இந்தச் செடியை வளர்ப்பது குழந்தை வளர்ப்பது மாதிரி. குளிர் வருவதற்குள் வீட்டுக்குள் தூக்கி வந்துவிட வேண்டும், அதுவரை வெயில் காட்ட வேண்டும். மரவேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பெரியவர் பாடிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். ஹைலண்ட் பார்க்கில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அவரைப்போல சனிக்கிழமை கார் எடுக்காத யூதர்கள், மீதிப் பேர் கலவை.

அவர் ஒரு வரியைப் பாடுவார், நிறுத்துவார், தொண்டையைச் செருமிக்கொள்வார். பிறகு அதே வரி, வேறு மெட்டில். மறுபடி நிறுத்தம். மறுபடி அதே வரி, மூன்றாவது மெட்டில்.

"எது நன்றாக இருக்கிறது என்று பார்க்கிறீர்களா?" என்று வேலிக்கு மேலே எட்டிக் கேட்டேன்.

"தேர்ந்தெடுக்க நான் யார்?" என்றார். "முதலில் பாடியது புத்தாண்டு இரவுக்கு. இரண்டாவது யோம் கிப்பூர் என்னும் பாவமன்னிப்பு நாள் முடிகிற நேரத்துக்கு. மூன்றாவது மழைக்கு."

"வார்த்தைகள்?"

"ஒன்றேதான். கதீஷ்."

ஸ்ரீரங்கத்தில் ஆறு வருடம் வாய்ப்பாட்டுக் கற்று, நாலைந்து கீர்த்தனையோடு கைவிட்டவன் நான். ராகத்துக்கு நேரம் காலம் உண்டு, பூபாளம் காலையில், நீலாம்பரி தூங்கவைக்க என்றெல்லாம் எங்கள் டீச்சர் சொல்வார். ஆனால் கச்சேரியில் யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. மெட்டு மாறினால் நாளே மாறிவிடும் என்று ஒரு மனிதர் சாதாரணமாகச் சொன்னது எனக்குப் புதிதாக இருந்தது. "வந்து கேளுங்களேன்" என்றார். அப்படித்தான் அவர் வழிபாடு நடத்தும் ஜெபாலயத்துக்குப் போகத் தொடங்கினேன்.

கதீஷ் என்பதைச் சாவு வீட்டுப் பிரார்த்தனை என்றுதான் பலரும் அறிந்திருப்பார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகள் சொல்வது அதன் ஒரு வடிவம். உண்மையில் அதில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. இறைவனின் பெயர் பெருகட்டும், புனிதப்படட்டும் என்று அரமேய மொழியில் அடுக்கிக்கொண்டே போகும் புகழுரை. அதன் பாதியளவை, வழிபாட்டின் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் முன்நின்று நடத்துபவர் பாடுவார். நாடகத்தில் காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே இழுக்கும் திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் எழுதியிருப்பது எப்போதும் ஒன்றுதான். நிறம்தான் வேறு.

அந்த நிறத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் நுசாக். பாட்டு என்று சொன்னால் பெரியவர் முகம் சுளிப்பார். பாட்டுக்குத் தொடக்கம், முடிவு, தாளம் உண்டு. நுசாக்குக்குத் தாளக்கட்டு கிடையாது. இன்னின்ன சுரங்கள், இன்னின்ன பிடிகள், வாக்கியம் முடிகையில் இறங்கவேண்டிய இடம் இது என்று ஒரு வரம்பு மட்டும் இருக்கும். அதற்குள் வார்த்தைகளை ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டியது நடத்துபவர் பொறுப்பு. விருத்தம் பாடக் கேட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் அதிகம் புழங்கும் நுசாக்குகளில் ஒன்றுக்கு அஹவா ரபா என்று பெயர். முதல் தடவை கேட்டதுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுரங்களை எழுதிப் பார்த்தால் நம் வகுளாபரணம். வெள்ளி மாலை, சப்பாத் என்னும் சனிக்கிழமை ஓய்வுநாளை வரவேற்கும் சங்கீதங்களைப் பாடும் அதோனாய் மலாக் கிட்டத்தட்ட ஹரிகாம்போதி, அதாவது செம்பாலை. (தமிழ் பைபிள் இந்தத் துதிகளுக்குச் 'சங்கீதம்' என்று பெயர் வைத்தது எவ்வளவு பொருத்தம்.) சுரங்கள் ஒன்றென்றால் உறவும் உண்டு என்று கதை கட்டுபவர்களை நான் நம்புவதில்லை. ஏழு சுரத்துக்குள் யார் தேடினாலும் எங்கேயாவது சந்தித்துக்கொள்ளத்தான் செய்வார்கள்.

ஒரு சிக்கல் இருந்தது. சப்பாத்திலும் பெருநாட்களிலும் அங்கே போனை எடுக்கக் கூடாது, பேனாவைத் தொடக் கூடாது. வாத்தியமும் கிடையாது, வெறும் குரல்தான். விருந்தாளி என்றாலும் நானும் அப்படியே இருந்தேன். கேட்டதை முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்து வந்து, வாசல் கதவைத் திறந்ததும் ஒரு நோட்டில் சரிகம எழுதுவேன். வழியில் யாராவது தமிழில் நலம் விசாரித்துவிட்டால் பாதி போய்விடும்.

புத்தாண்டான ரோஷ் ஹஷானா இரவில் கேட்டதுதான் அந்த நோட்டின் முதல் பக்கம். சங்கராபரணச் சாயலில், நிமிர்ந்த தோளோடு நடந்து வருகிற மாதிரி ஒரு மெட்டு. பெரியவர் வார்த்தை எதுவும் இல்லாமல் முதல் நாலு சுரத்தை இழுத்தார். கூட்டத்தில் ஓர் அசைவு. எனக்கு முன்வரிசையில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். பதினோரு மாதமாக யாரும் பாடாத மெட்டு. வருடத்தில் இந்தச் சில நாட்களுக்கு வெளியே அதைப் பாடுவது, தீபாவளிக்குப் பொங்கல் வைப்பது போல. மறுநாள் காலை இன்னும் ஒரு படி மேலே போனது. சாதாரணச் சப்பாத்தில் நடத்துபவர் அமைதியாக மேடைக்குப் போய், வேறொரு வரியில் ஆரம்பிப்பார். அன்று பெரியவர் எங்களோடு உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே 'ஹமெலேக்' என்று எடுத்தார். 'அரசர்' என்று பொருள். அந்த ஒரே சொல்லை அடிக்குரலில் தொடங்கி, நீட்டி, மேலே ஏற்றிக்கொண்டே நடந்துபோய் மேடையை அடைந்தார். சினிமாவில் ஹீரோ வருகிற காட்சிக்கு இவ்வளவு மெனக்கெடுகிறார்கள். இங்கே ஒரு கிழவர், வெள்ளை அங்கி, ஒற்றைச் சொல்.

இந்த மாதிரி மெட்டுகளை 'சீனாயிலிருந்து வந்தவை' என்கிறார்கள். சீனாய் மலையில் மோசே இறைவனிடம் கேட்டவையாம். வரலாறு அவ்வளவு தூரம் போகவில்லை. இவை இடைக்காலத்தில் ரைன் நதிக்கரை நகரங்களான மைன்ஸ், வோர்ம்ஸ், ஸ்பையர் பக்கம் உருவானவை என்பதுதான் ஆய்வாளர்கள் சொல்வது. ஆனாலும் அந்தப் பெயருக்கு ஒரு நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அவற்றை யாரும் தொடுவதில்லை. மஹரில் என்று அழைக்கப்படும் மைன்ஸ் நகர ரப்பி (யூத மதகுரு) யாக்கோவ் மோலின், 1427-இல் இறந்தவர், இந்த விஷயத்தில் கறார். அவருடைய மாணவர் எழுதி வைத்த ஒரு சம்பவம் உண்டு. ரேகன்ஸ்பர்க் நகரில் வழிபாடு நடத்தப் போன மஹரில், அங்கே வழக்கமில்லை என்று ஊரார் சொல்லியும் கேட்காமல் ஒரு பாடலைச் சேர்த்துப் பாடினார். பின்னால் அவர் மகள் ஒரு யோம் கிப்பூர் நாளில் இறந்துபோனாள். ஊர் வழக்கத்தை மாற்றியதற்கு வந்த தண்டனை என்றே அவர் எடுத்துக்கொண்டார். அடுத்த நூற்றாண்டில் கிராக்கோவின் மோசே இஸ்ஸர்லெஸ் சட்டமாகவே எழுதினார்: ஊர் வழக்கத்தை மாற்றாதே, மெட்டைக்கூட.

இதைப் படித்தபோது அதிகப்படியாகத் தோன்றியது. பிறகு ஒருநாள் வேறொரு ஜெபாலயத்தில் நானே பார்த்தேன். நல்ல கணீர்க் குரலோடு ஓர் இளைஞர் பெருநாள் காலை வழிபாட்டைச் சாதாரணச் சப்பாத் மெட்டில் ஓட்டினார். ஒரு சொல் பிசகவில்லை. ஆனால் பெஞ்சுகளில் முனகல், தலை திரும்பல், ஒருவர் சத்தமாகவே சரியான மெட்டை எடுத்துக்கொடுத்தார். முகூர்த்த நேரத்தில் நாயனக்காரர் முகாரி வாசித்துவிட்டால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா?

யோம் கிப்பூருக்கு வருகிறேன். அந்த இரவைத் தொடங்கிவைக்கும் கொல் நித்ரே பற்றித்தான் இதில் நிறையப் பேச ஆசை.

அது பிரார்த்தனையே இல்லை. அரமேய மொழியில் எழுதிய ஒரு சட்ட வாசகம். இறைவனுக்கு நாங்கள் செய்த நேர்ச்சைகள், சத்தியங்கள், விலக்குகள், இன்ன பிற எல்லாம் செல்லாதவை ஆகட்டும் என்று பத்திரம் எழுதுபவர் பாணியில் ஒவ்வொன்றாக எண்ணிப் போகும். நம் ஊர்க் கிரயப் பத்திரத்தில் 'மேற்படி நிலம், அதிலுள்ள மரம் மட்டை, கிணறு, நடைபாதை' என்று வருமே, அதே சுவைதான். பழைய பாபிலோனிய யூத அறிஞர்கள் பலர் இது வேண்டாம் என்றே எதிர்த்தார்கள். சத்தியத்தை இப்படி மொத்தமாக ரத்து செய்யலாமா என்பது அவர்கள் கேள்வி. யூதன் சொல்லை நம்ப முடியாது என்று சொல்ல விரும்பியவர்களுக்கும் இது பல நூற்றாண்டு கையில் கிடைத்த ஆயுதமானது. 1844-இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் கூடிய சீர்திருத்த ரப்பிகள் இதை நீக்கிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். வாசகத்தைத்தான் நீக்க முடிந்தது. வார்த்தையை எடுத்த இடங்களில், அதே மெட்டில் வேறு ஒரு சங்கீதத்தை ஏற்றிப் பாடினார்கள்.

அதற்கும் முன்னால் பிராகில் மொர்தெகாய் யாஃபே என்ற ரப்பி வாசகத்தில் இருந்த இலக்கணக் குழப்பத்தைத் திருத்தப் பார்த்தார். அவர் காலம் 16-ஆம் நூற்றாண்டு. பாடுபவர்களுக்குத் திருத்திய வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தார். மேடையில் நின்றதும் பழைய மெட்டு வாயில் ஏறிக்கொண்டு பழைய வார்த்தைகளையே இழுத்துவந்துவிட்டது என்று புலம்பி எழுதியிருக்கிறார். பாவம்.

அன்று சூரியன் இறங்குவதற்கு முன்பே இடம் நிறைந்துவிட்டது. இரவு வழிபாட்டில் எல்லோரும் தாலித் என்னும் பிரார்த்தனைத் துண்டைப் போர்த்திக்கொள்வது வருடத்தில் இந்த ஒரு நாள்தான். பேழையிலிருந்து தோரா என்னும் வேதத்தின் சுருள்களை எடுத்துவந்து பெரியவருக்கு இரு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நீதிமன்றத்தில் மூவர் அமர்வு மாதிரி. அவர் முதல் முறை பாடியது அருகில் இருந்தவருக்கே கேட்டிருக்குமா தெரியாது. இரண்டாம் முறை கொஞ்சம் கூடியது. மூன்றாம் முறை முழுக்குரல். மாஹ்ஸோர் வித்ரி என்ற பழைய பிரெஞ்சு வழிபாட்டு நூலிலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது: அரசன் மாளிகைக்குள் நுழையத் தயங்குகிறவன் முதலில் மெதுவாகத்தான் பேசுவான், பழகப் பழகக் குரல் உயரும். மெட்டு கீழே விழுவதில் தொடங்குகிறது. ஒரு சுரம் இறங்கி, உடனே திரும்பி, மறுபடி கீழே. அப்புறம் படி ஏறுகிறது. பத்திர வாசகம் என்று தெரிந்தும் எனக்குத் தொண்டை அடைத்தது. ஜெர்மானியப் புராட்டஸ்டன்டான இசையமைப்பாளர் மாக்ஸ் புரூக் 1880-இல் செல்லோ வாத்தியத்துக்கு இதை எழுதியபோது, மெட்டை பெர்லின் யூதப் பாடகர் ஒருவரிடமிருந்துதான் கற்றிருந்தார். அந்தச் செல்லோவுக்கு வார்த்தையே தேவைப்படவில்லை.

மறுநாள் முழுவதும் பட்டினி. நடுவில் பாவ அறிக்கை. எபிரேய எழுத்து வரிசையில் ஒவ்வொரு குற்றமாகச் சொல்லி நெஞ்சில் தட்டிக்கொள்வார்கள். இதற்கு ஒப்பாரி மாதிரி ஒன்றை எதிர்பார்த்தேன். பல இடங்களில் போலவே இங்கேயும் கூட்டமாகச் சேர்ந்து, ஏறக்குறைய உற்சாகமாகப் பாடினார்கள். ஹசிதியர்கள் என்னும் யூத பக்தி மரபினர் இதற்கு ஒரு கதை சொல்வதுண்டு: அரண்மனையைப் பெருக்குகிற வேலையாள் பாடிக்கொண்டேதானே பெருக்குகிறான், அரசன் வரப்போகிறான் என்று தெரிந்தவன் அழுதுகொண்டா பெருக்குவான்? கதை நன்றாக இருக்கிறது. எனக்கென்னவோ இன்னும் கொஞ்சம் அழுதிருக்கலாம் என்றுதான் பட்டது.

பொழுது சாயும்போது நெயிலா, அதாவது கதவடைப்பு. வேலியோரம் நான் கேட்ட இரண்டாவது கதீஷ் இதற்குரியது. நீர் இறங்காத தொண்டையில், கரகரப்போடு, அகலமாக, அவசரமில்லாமல் வந்தது அந்த மெட்டு. எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். கடைசியில் ஷோஃபார் கொம்பு நீளமாக ஒருமுறை. அதற்கு அடுத்து நடந்ததுதான் எனக்கு மறக்கவில்லை. கொம்பின் ஓசை அடங்கிய கையோடு வாரநாள் இரவு வழிபாட்டைத் தொடங்கினார்கள், வாரநாள் மெட்டில். தினமும் பால் வாங்கப் போகிற நடை. இருபத்தைந்து மணி நேரம் தலைக்கு மேல் கட்டியிருந்த பந்தல் முழுவதையும் ஒரே வரியில் பிரித்துப்போட்டுவிட்டார்கள். இனி செவ்வாயோ புதனோ, அவ்வளவுதான்.

எந்த மெட்டையும் தொடக்கூடாது என்ற ஊரில் புதியவையும் எப்படியோ நுழைகின்றன. யோம் கிப்பூர் பகலில் 'உனத்தானே தோகெஃப்' என்று ஒரு கவிதை வரும்: யார் வாழ்வர், யார் சாவர், யார் நீரால், யார் நெருப்பால். 1973 அக்டோபரில் அந்த நாளிலேயே போர் மூண்டது. இஸ்ரேலின் யெஸ்ரியேல் பள்ளத்தாக்கில் உள்ள பெய்த் ஹஷிதா கிப்புத்ஸிலிருந்து போனவர்களில் பதினொரு பேர் திரும்பவில்லை. அது கடவுள் நம்பிக்கையை வெளியே நிறுத்திவைத்த பொதுவுடைமைப் பண்ணை. பிறகு அங்கே வந்து தங்கிய இசையமைப்பாளர் யாயிர் ரோசன்ப்ளூம் 1990-இல் அந்த மக்களின் யோம் கிப்பூர் இரவுக்காக இந்தப் பழைய வரிகளுக்கு ஒரு புது மெட்டு அமைத்தார். இன்றைக்கு மதப்பற்றுள்ள ஜெபாலயங்கள் பலவற்றிலும் அதைப் பாடுகிறார்கள். ஊர் வழக்கத்தை மாற்றாதே என்பதற்கு இதை எப்படிப் பொருத்துவது என்று பெரியவரிடம் கேட்டேன். தோளைக் குலுக்கினார். அவருடைய மேடையில் அவர் பழையதைத்தான் பாடுகிறார்.

மழைக்கான கதீஷைச் சீக்கிரமே கேட்டுவிட்டேன். சுக்கோத் திருநாள் முடிகிற எட்டாம் நாள், கெஷெம் என்னும் மழை வேண்டுதல். புரட்டாசிக் கடைசி, ஐப்பசி என்று விழும். பெரியவர் மறுபடி அந்த வெள்ளை அங்கியை அணிந்துகொண்டார். இறந்தால் உடுத்துவதும் அதே அங்கிதான். இஸ்ரேலில் மழை இனிமேல்தான் தொடங்க வேண்டும், பொய்த்தால் அந்த ஆண்டே போச்சு. அதனால் மெட்டில் ஒரு நடுக்கம், கிட்டத்தட்ட யோம் கிப்பூர் பயம். வெளியே நியூ ஜெர்சியில் கொட்டிக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. வடகிழக்குப் பருவமழையை எண்ணி ஐப்பசியில் வானம் பார்த்து வளர்ந்தவன் என்பதால், என்னவோ எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அடுத்த ஆண்டுக்குள் துக்கத்தின் மெட்டையும் கற்றேன். எருசலேம் கோயில் இடிந்ததை நினைக்கும் திஷா பெஆவ் இரவில் விளக்குகளைத் தணித்து, தரையில் உட்கார்ந்து, புலம்பல் நூலை வாசிப்பார்கள். தோரா வாசிப்புக்கென்று சொற்களுக்கு மேலும் கீழும் குறியீடுகள் உண்டு. இப்படிச் சபையில் வாசிக்கும் நூல்களுக்கெல்லாம் குறியீடு ஒன்றுதான். ஆனால் தோராவுக்கு ஒரு மெட்டு, தீர்க்கதரிசிகளுக்கு ஒன்று, எஸ்தருக்கு ஒன்று, புலம்பலுக்கு ஒன்று என்று அதே குறியை வெவ்வேறாகப் பாட வேண்டும். புலம்பலின் மெட்டு குறுகலானது. மூச்சு இழுத்து, முனகி, வரி முடிவில் உட்கார்ந்துவிடும்.

அந்த மெட்டு தன் நாளில் மட்டும் இருப்பதில்லை. முந்தைய சப்பாத்திலேயே தோராவின் கடைசி நூலான உபாகமம் வாசிக்கும்போது, 'நான் ஒருவனாய் எப்படிச் சுமப்பேன்' என்று மோசே சொல்லும் ஒரே ஒரு வசனத்தைப் புலம்பல் மெட்டில் வாசித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலப் பழைய மெட்டுக்குத் திரும்பினார்கள். வெள்ளி இரவில் சப்பாத்தை மணமகளாக வரவேற்கும் பாட்டைக்கூட, பல ஊர்களில், அந்த வாரம் எருசலேம் இரங்கற்பாவின் மெட்டில் பாடுகிறார்கள். கல்யாண ஊஞ்சல் பாட்டை ஒப்பாரியில் இழுத்தால் எப்படி இருக்கும்? எஸ்தர் நூலை வாசித்துக் கொண்டாடும் பூரிம் அன்று இன்னும் மோசம். முகமூடி போட்ட பிள்ளைகள், கதையின் வில்லன் ஆமான் பெயர் வந்தால் காதைக் கிழிக்கும் கிலுகிலுப்பைகள், சிலருக்கு நடை தள்ளாட்டம். எஸ்தர் நூலின் இரண்டாம் அதிகாரம் ஆறாம் வசனம், எருசலேமிலிருந்து சிறைப்பட்டுப் போனவர்கள் பற்றிய வரி. வாசிப்பவர் குரல் சட்டென்று தரைக்கு இறங்கியது. புலம்பல். ஒரே வசனம். என் பக்கத்தில் கடற்கொள்ளைக்காரன் வேஷத்தில் நின்றிருந்த பையன் கிலுகிலுப்பையைத் தாழ்த்திக்கொண்டான். அடுத்த வசனத்தில் கூத்து தொடர்ந்தது.

எல்லா யூதர்களுக்கும் இதே மெட்டுகள் என்று நினைத்துவிடாதீர்கள். புரூக்ளினில் சிரிய யூதர்களின் ஜெபாலயம் ஒன்றுக்கு ஒருமுறை போனபோது நோட்டையே மூடிவைக்க வேண்டியதாயிற்று. அங்கே அரபு ராகங்களான மக்காம்களின் ஆட்சி. ஒவ்வொரு சப்பாத்துக்கும் அந்த வாரத் தோராப் பகுதியைப் பொறுத்து ஒரு மக்காம். மகிழ்ச்சிக்கு அஜம், துயரத்துக்கு ஹிஜாஸ், விருத்தசேதனம் வரும் பகுதிக்கு ஸபா. எகிப்திய இசையமைப்பாளர் முகமது அப்துல் வஹாப் மெட்டுகளைக்கூட எபிரேய வரிகளுக்குப் பொருத்தியிருக்கிறார்கள். தெரிந்த சினிமா மெட்டில் முருகன் பாட்டுப் பாடி வளர்ந்த நமக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை.

சரி, முதல் வருடம் எனக்குப் புரியாமல் போன ஒன்றோடு முடிக்கிறேன். சிம்ஹத் தோரா, தோரா வாசிப்பு முடிந்து மறுபடி தொடங்கும் நாள். சுருள்களைத் தூக்கிக்கொண்டு ஆட்டம், பிள்ளைகளுக்கு மிட்டாய், பெரியவரின் தாலித்தை யாரோ பக்கத்து ஆளோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். நடுவில் அவர் கதீஷ் பாடினார். வரிக்கு வரி மெட்டு மாறியது, கூட்டம் சிரித்தது. போதையில் உளறுகிறார் என்றே நினைத்தேன்.

இரண்டாம் வருடம் காது விழித்திருந்தது. வாரநாள் நடையில் ஆரம்பித்தார். அடுத்த வரி வெள்ளி மாலை. அடுத்தது நிமிர்ந்த தோளோடு புத்தாண்டு இரவு. கூட்டம் அதே மெட்டில் ஆமேன் சொன்னது. நெயிலாவின் அகலக் குரல் ஒரு வரி, எல்லோரும் தன்னையறியாமல் நேராக நின்றார்கள். மழை. ஹனுக்கா விளக்குத் திருநாளின் 'மாஓஸ் த்ஸூர்'. எஸ்தர். ஜெர்மன் யூதர்கள் இதை வருடக் கதீஷ் என்பார்கள், ஒரே பிரார்த்தனைக்குள் ஆண்டின் மெட்டு முழுவதும். நான் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தேன். ஒரு வரியில் மட்டும் விரல் நின்றுவிட்டது. துள்ளலான மெட்டு, கேட்டதே இல்லை.

ஆட்டம் ஓய்ந்ததும் அவரிடம் பாடிக் காட்டினேன். "அது 'அதீர் ஹூ'. பெசாக், எங்கள் வசந்தத் திருநாள்" என்றார், முடிச்சை அவிழ்த்துக்கொண்டே. "சித்திரையோ என்னவோ சொல்வீர்களே, தங்கை மகள் கல்யாணம் என்று ஊருக்குப் போயிருந்தீர்கள்."